மணிலா படமும் நம்ம ஊர் படமும்

பினாங்கில் ஓர் உள்ளூர் தமிழ்ப்படம் திரைக்கு வருகிறது என்றால், அதன் கதை என்னவென்று தெரியும் முன்பே ஒரு சொல் நம் காதில் விழுந்துவிடும். 'ஆதரவு' என்பதுதான் அந்தச் சொல். "நம்ம பசங்க எடுத்த படம், ஆதரவு கொடுங்க" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும். கோயில் திருவிழாவில் துண்டுச்சீட்டு கொடுப்பார்கள். நடிகர்கள் வானொலிக்கு வந்து கேட்பார்கள். ரஜினி படத்துக்கும் விஜய் படத்துக்கும் யாரும் நம்மிடம் ஆதரவு கேட்பதில்லை. அவற்றுக்கு நாமே முண்டியடித்துக்கொண்டு டிக்கெட் வாங்குகிறோம்.

இந்த 'ஆதரவு' பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. அதைச் சொல்ல மணிலா வழியாகக் கொஞ்சம் சுற்றி வரவேண்டும். ஏனென்றால் அண்மைக்காலமாக எங்கள் வீட்டில் அதிகம் ஓடுவது பிலிப்பைன்ஸ் படங்கள்தான்.

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பக்கத்து மேசையில் செபு தீவைச் சேர்ந்த ஒரு பெண் பொறியாளர் இருக்கிறார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் தம் ஊர் படக்கதையைச் சொல்வார், நான் நம் படக்கதையைச் சொல்வேன். அப்படித்தான் ஒரு பட்டியல் கைக்கு வந்தது. வெள்ளிக்கிழமை இரவுகளில் அம்மா, நான், பதினொரு வயது மகள் மூவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினோம். அம்மாவுக்கு ஆங்கில வசன வரிகளை வேகமாகப் படிக்க வராது. நான்தான் வீட்டு மொழிபெயர்ப்பாளர்.

ஆனால் போகப் போக என் வேலை குறைந்துவிட்டது. மலாய் தெரிந்த யாருக்கும் தகாலோக் மொழி முழுக்க அந்நியமில்லை. 'அனாக்' என்றால் அங்கும் பிள்ளைதான். 'மாத்தா' என்றால் கண், 'லாங்கிட்' என்றால் வானம். அவர்கள் ஆசிரியரை 'குரோ' என்கிறார்கள், முகத்தை 'முக்கா' என்கிறார்கள். நம்பிக்கைக்கு அவர்கள் சொல் 'ஆசா'. நம் குருவும் முகமும் ஆசையும் கடல் கடந்து போய் அங்கே உட்கார்ந்திருக்கின்றன. மலாயில் 'மாஹால்' என்றால் விலை அதிகம். அங்கே அதற்கு அந்தப் பொருளோடு 'அன்பு' என்ற பொருளும் உண்டு. காதலன் காதலியிடம் அந்தச் சொல்லைச் சொன்னதும் என் மகள், "ஏன் மா, என்ன விலையாம்?" என்று கேட்டாள்.

நாங்கள் முதலில் பார்த்தது 2019-இல் வந்த 'ஹலோ, லவ், குட்பை'. அப்போது அந்நாட்டில் வசூலில் முதலிடம் பிடித்த படம். நாயகி ஜாய், தாதியர் படிப்பு படித்தவள். ஹாங்காங்கில் ஒரு வீட்டில் பணிப்பெண்ணாக வேலை செய்கிறாள். கனடாவுக்குப் போய்விட வேண்டும், குடும்பத்தைத் தூக்கி நிறுத்த வேண்டும் என்பதே அவள் கணக்கு. அங்கே மதுக்கடையில் வேலை பார்க்கும் ஈத்தன் குறுக்கே வருகிறான். காதல் வருகிறது. கனடாவா, காதலா என்ற கேள்வியும் வருகிறது.

நம் படமாக இருந்தால் இதற்கு விடை நமக்கு முன்கூட்டியே தெரியும். விமான நிலையம், ஓடி வரும் நாயகன், கடைசி நிமிடத்தில் திரும்பிப் பார்க்கும் நாயகி, கிழிக்கப்படும் டிக்கெட். இந்தப் படத்தில் ஜாய் போகிறாள். அழுதுகொண்டே போகிறாள், ஆனால் போகிறாள். காதலுக்காகத் தன் திட்டத்தைக் கைவிடாத ஒரு நாயகியை ஒரு நாடே கொண்டாடியிருக்கிறது. இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

படம் முடிந்ததும் அம்மா ஒன்றும் பேசவில்லை. கைப்பேசியை எடுத்துத் தம்பிக்குப் போன் போட்டார். தம்பி சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் எட்டு ஆண்டுகளாக வேலை செய்கிறான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இரவுப் பேருந்தில் வந்து, இரண்டு நாள் தூங்கிவிட்டுத் திரும்பிப் போவான். அப்பா இறந்தபோதுகூட வந்து சேரப் பாதி நாளாகிவிட்டது. "சாப்பிட்டியாய்யா?" என்று அம்மா கேட்டது மணி பதினொன்றுக்கு. அவன், "என்னம்மா, என்ன ஆச்சு?" என்று பதறினான். ஒன்றும் ஆகவில்லை, ஒரு படம் பார்த்தோம், அவ்வளவுதான்.

அதன் இரண்டாம் பாகம் 'ஹலோ, லவ், அகெய்ன்' 2024-இல் வந்தது. கதை கனடாவுக்குப் போகிறது. 100 கோடி பெசோவைத் தாண்டிய முதல் பிலிப்பைன்ஸ் படம் அது. போட்டி நிறுவனங்களான ஏபிஎஸ்-சிபிஎன்னின் ஸ்டார் சினிமாவும் ஜிஎம்ஏவும் கைகோத்துத் தயாரித்தன. இருந்தாலும் என் மதிப்பெண் முதல் பாகத்துக்குத்தான். முதல் பாகத்தில் பிரிவுக்கு ஒரு நேர்மை இருந்தது. இரண்டாம் பாகத்தில் ரசிகர்கள் கேட்டதற்காக இருவரையும் மறுபடி ஓரிடத்தில் கொண்டுவந்து நிறுத்தியதுபோல் எனக்குப் பட்டது. ஆனாலும் குளிர் நாட்டில் வேலை, விசா, வாடகை என்று அலையும் மனிதர்களைக் காட்டும் இடங்களில் படம் மறுபடி உயிர் பெறுகிறது.

2023 கிறிஸ்துமஸ் அன்று வெளியான 'ரீவைண்ட்', எங்கள் வீட்டில் கருத்து வேறுபாட்டை உண்டாக்கிய படம். வேலை வேலை என்று ஓடும் கணவன், ஒதுங்கிப் போகும் மனைவி, ஒரு சண்டை, ஒரு கார் விபத்து. இறந்துபோன மனைவியைக் காப்பாற்ற அந்த நாளுக்கே திரும்பிப் போகும் வாய்ப்பு கணவனுக்குக் கிடைக்கிறது. நடித்த டிங்டாங் டான்டெஸும் மரியன் ரிவேராவும் நிஜத்திலும் கணவன் மனைவி. அம்மாவுக்குப் படம் மிகவும் பிடித்துவிட்டது. எனக்கு இரண்டாம் பாதியின் கண்ணீர் அளவுக்கு மீறிப்போனதாகத் தோன்றியது. நம் தொலைக்காட்சித் தொடர் பார்ப்பவர்களுக்கு அந்த அளவு பழக்கமானதுதான். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இதில் கணவன் குடிகாரனோ அடிப்பவனோ இல்லை. மறந்துபோகிறவன், நேரம் கொடுக்காதவன், அவ்வளவுதான். அந்தச் சின்னக் குற்றத்தை மையமாக வைத்துப் பெரிய வணிகப் படம் எடுக்கத் துணிச்சல் வேண்டும்.

கொஞ்சம் பழைய படம் என்றாலும் 2013-இல் வந்த 'ஃபோர் சிஸ்டர்ஸ் அண்ட் எ வெட்டிங்' படத்தை விட முடியாது. தம்பியின் கல்யாணத்தை நிறுத்த நான்கு அக்காக்கள் வீட்டில் கூடுகிறார்கள். ஸ்பெயினில் ஆசிரியையாக இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் மூத்தவள், உண்மையில் அந்த வேலையை இழந்து அங்கே பணிப்பெண்ணாக இருக்கிறாள். வீட்டுக்கு அது தெரியாது. கடைசியில் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்து, பல ஆண்டுகளாக மனத்தில் வைத்திருந்ததை ஒருவர் மாற்றி ஒருவர் கொட்டும் காட்சி வருகிறது. "என்னம்மா இது, நம்ம வீட்டுக் கதையாட்டம் இருக்கே?" என்றார் அம்மா. பெரியம்மா, சித்தி, அத்தை என்று யார் யார் எந்த அக்கா என்று அரை மணி நேரம் பேசினோம். அதையெல்லாம் இங்கே எழுதினால் அடுத்த தீபாவளிக்கு யாரும் வீட்டுக்கு வர மாட்டார்கள்.

இத்தனையும் பார்த்த பிறகு ஒன்று புரிந்தது. இந்தப் படங்கள் தொழில்நுட்பத்தில் நம்மை மிரட்டவில்லை. நான் பார்த்த இவற்றில் கார் பறக்கவில்லை, நூறு பேர் அடி வாங்கவில்லை. இவை ஓடுவதற்குக் காரணம் எளிது. வெளிநாட்டில் வேலை செய்யும் ஒருவராவது இல்லாத உறவு வட்டம் அங்கே குறைவு. வீட்டுக்கு வீடு தெரிந்த, ஆனால் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயத்தைத் திரையில் பேசுகிறார்கள். அதையும் வீட்டில் பேசுகிற மாதிரியே, ஆங்கிலமும் தகாலோக்கும் கலந்து பேசுகிறார்கள்.

இன்னொன்றையும் கவனித்தேன். 'ஹலோ, லவ்' படங்கள் இரண்டையும் 'ஃபோர் சிஸ்டர்ஸ்' படத்தையும் இயக்கியவர் கேத்தி கார்சியா என்ற பெண். 'ரீவைண்ட்' இயக்குநர் மே குரூஸ் ஆல்வியாரும் பெண்தான். நம் மலேசியத் தமிழ்த் திரையிலும் இதே கதை உண்டு. 2018-இல் 'வெடிகுண்டு பசங்க' படத்தை ஓடவைத்தவர் விமலா பெருமாள். 2016-இல் 'கீதையின் ராதை' படத்தை இயக்கி நடித்தவர் ஷாலினி பாலசுந்தரம். சமையலறையில் நடக்கும் சண்டையின் கனம் தெரிந்தவர்கள் கேமராவின் பின்னால் நின்றால் குடும்பங்கள் திரையரங்குக்கு வருகின்றன. இதை நம் தயாரிப்பாளர்கள் குறித்துக்கொள்ளலாம்.

அவர்களுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. 1975 முதல் மணிலாவில் ஆண்டுதோறும் ஒரு திரைப்பட விழா நடக்கிறது. கிறிஸ்துமஸ் நாளில் தொடங்கிப் புத்தாண்டு வரை, திரையரங்குகளில் உள்ளூர் படங்களுக்கே இடம். ஹாலிவுட் படங்கள் வெளியே காத்திருக்கும். குடும்பமே கையில் போனஸ் பணத்தோடு வெளியே கிளம்பும் இரண்டு வாரங்களை அவர்கள் தம் சொந்தப் படங்களுக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். நாம் என்ன செய்கிறோம்? தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சென்னையிலிருந்து வரும் படங்களுக்கு வாசலைத் திறந்துவிட்டு, மீந்த வாரத்தில் நம் படத்தைச் சொருகுகிறோம். ஓர் உள்ளூர் படத்தை நான் தேடிப் போனபோது, திரையரங்கு ஒன்றில் அதற்குக் கிடைத்திருந்தது வேலை நாளில் காலைக் காட்சி ஒன்றுதான். காலைக் காட்சிக்கு வேலைக்குப் போகிறவர் எப்படிப் போவார்? கூட்டம் இல்லை என்று மறுவாரம் படத்தையே எடுத்துவிட்டார்கள்.

இதே நிலை அங்கேயும் ஏற்பட்டதுண்டு. 2015 செப்டம்பரில் 'ஹெனரல் லூனா' என்ற சரித்திரப் படம் வெளியானது. அமெரிக்கர்களை எதிர்த்துப் போரிட்டு, 1899-இல் சொந்த மக்கள் கையாலேயே கொல்லப்பட்ட தளபதி அந்தோனியோ லூனாவின் கதை. இரண்டாவது வாரத்திலேயே திரைகளைக் குறைத்துவிட்டார்கள். பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. மாணவர்களும் இளைஞர்களும் ஊடகங்களில் பேசிப் பேசியே திரைகளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். யாரும் ஆதரவு கேட்டு அவர்கள் அப்படிச் செய்யவில்லை. படம் அவர்களை உலுக்கியிருந்தது. அதனால் பேசினார்கள்.

அதே 2015-ஆம் ஆண்டின் டிசம்பரில்தான் நமக்கு 'ஜகாட்' கிடைத்தது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய படம். மலாயில் 'ஜஹாட்' என்றால் கெட்டவன். நம் வாயில் அது 'ஜகாட்' ஆகிவிட்டது. தலைப்பிலேயே நம் பேச்சு இருக்கிறது பாருங்கள். தோட்டம் துண்டாடப்பட்டு, புறம்போக்குக் குடியிருப்புக்குத் தள்ளப்பட்ட 1990-களின் குடும்பம். கற்பனை வளமுள்ள அப்போய் என்ற சிறுவன், படிக்கச் சொல்லி அடிக்கும் அப்பா, குண்டர் கும்பலுக்குப் போன சித்தப்பா. அந்தப் படம் நமக்கு ஆறுதல் எதுவும் தரவில்லை. அதனால்தான் அது நல்ல படம். பிரம்பை எடுக்கும் அந்த அப்பாவின் கையில் என் அப்பாவின் பயத்தைப் பார்த்தேன். தோட்டத்தை விட்டு வெளியே வந்த எத்தனையோ அப்பாக்களுக்கு இருந்த பயம் அது.

மறு ஆண்டு 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில், மலாய் அல்லாத மொழிப் படங்களுக்குத் தனிப் பிரிவு என்று அறிவித்தார்கள். திரைத்துறையினரே எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். பிரிவை மாற்ற வேண்டியதாயிற்று. கடைசியில் 'ஜகாட்' சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்வானது. ஒரு தமிழ்ப்படம் இந்த நாட்டின் படமாக மேடை ஏறியது. அதை யாரும் இரக்கப்பட்டுக் கொடுக்கவில்லை.

அதற்குச் சற்று முன், 2016 ஜூலையில், 'கபாலி' வந்தது. அதுவும் நம் தோட்டம், நம் கும்பல்கள் பற்றிய கதைதான். கோட்டு சூட்டு போட்ட ரஜினியைப் பார்த்து நாமும் விசில் அடித்தோம். ஆனால் கபாலியின் பேச்சு சென்னையின் பேச்சு. அப்போயின் பேச்சு பட்டர்வொர்த்திலும் சுங்கைப் பட்டாணியிலும் நான் கேட்டு வளர்ந்த பேச்சு. இரண்டும் இரண்டு வகை இன்பம். ஒன்று கிடைத்ததற்காக மற்றதை விட்டுவிட வேண்டியதில்லை.

அண்மையில் எனக்குப் பிடித்த உள்ளூர் படம் 2022-இல் வந்த 'பூச்சாண்டி'. ஜேகே விக்கி இயக்கியது. மூன்று நண்பர்கள், ஆவியை அழைக்கும் விளையாட்டு, ஒரு பழைய நாணயம். பேய்ப் படமாகத் தொடங்கி, பழங்காலத் தமிழர் வரலாற்றின் பக்கம் திரும்புகிறது. பேய்க் காட்சிகளில் அடக்கம் இருந்தது. விளக்க வசனம் கொஞ்சம் கூடுதல். படம் பார்த்த பிறகு என் மகள் கேட்டதற்காக, பாலம் கடந்து மெர்போக்கில் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்குப் போய் வந்தோம். கடாரம் என்பது பாடப்புத்தகச் சொல் அல்ல, வீட்டிலிருந்து காரில் போய்வரக்கூடிய இடம் என்று அவளுக்குப் புரிந்தது. ஒரு பேய்ப் படம் இவ்வளவு செய்தால் போதாதா?

நமக்குப் படமெடுக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. இதே பினாங்கில் 1929-இல் பிறந்த பி. ரம்லியை, 1950-இல் 'பக்தி' படத்தில் முதன்முதலாகக் கதாநாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன் என்ற தமிழர். மலாய் சினிமாவின் தொடக்க காலத்தைத் தோளில் சுமந்த இயக்குநர்களில் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர்கள் இங்கே கேமராவின் பின்னால் நின்றிருக்கிறார்கள்.

அப்படியானால் குறை எங்கே? என் பார்வையில் இரண்டு இடத்தில். ஒன்று, நம் படங்களில் பல இன்னும் சென்னைப் படத்தின் சின்னத் தம்பியாக இருக்க ஆசைப்படுகின்றன. அறிமுகப் பாட்டு, மெதுநடைச் சண்டை, நாயகனின் பஞ்ச் வசனம். அவற்றை அவர்கள் நம்மைவிட நன்றாகச் செய்கிறார்கள், பணமும் அதிகம். அந்தப் போட்டியில் நாம் ஜெயிக்க முடியாது. அவர்களால் எடுக்க முடியாத கதைகள் நம்மிடம்தான் இருக்கின்றன.

நாகப்பட்டினத்திலிருந்து ரஜுலா கப்பலில் வந்து பினாங்குத் துறையில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்தக் கப்பலின் தளத்தில் ஒரு காதல் கதை நடந்திருக்காதா? இன்று ஜொகூர் பாலத்தைக் கடந்து தினமும் லட்சக்கணக்கானோர் சிங்கப்பூருக்குப் போகிறார்கள். விடியற்காலை நாலு மணிக்கு எழும் மனைவி, மோட்டார் சைக்கிளில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கும் கணவன், பினாங்கில் காத்திருக்கும் அம்மா. பிலிப்பைன்ஸ்காரர்கள் இதை ஹாங்காங்கில் வைத்து எடுத்து, என் அம்மாவை அழ வைத்துவிட்டார்கள். தம்பியின் கதையை எனக்குத் தமிழில் யார் சொல்லப் போகிறார்கள்?

இரண்டாவது குறை நம்மிடம், அதாவது ரசிகர்களிடம் இருக்கிறது. ஆதரவு என்று சொல்லி ஒரு டிக்கெட் வாங்கிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். வெளியே வந்ததும் இயக்குநர் எதிரே நின்றால், "சூப்பர் தம்பி, நல்லா இருந்துச்சு" என்று கைகுலுக்கிவிட்டு, கார் நிறுத்துமிடத்தில், "நம்ம பசங்க எடுத்தது, இவ்வளவுதான் வரும்" என்கிறோம். இரண்டுமே படத்துக்கு உதவாது. நன்றாக இல்லாத இடத்தை நேரே சொன்னால் அடுத்த படம் தேறும். நன்றாக இருந்தால் நாலு பேரிடம் சொன்னால் இந்தப் படம் தேறும். பணம் கொடுத்து வந்தவருக்குக் கருத்துச் சொல்லும் உரிமை உண்டு. டிக்கெட், பாப்கார்ன், கார் நிறுத்தக் கட்டணம் என்று நாலு பேருக்கு நூறு வெள்ளி ஓடிவிடுகிறது. நன்கொடையாகக் கொடுத்த பணம் அல்ல அது.

இளம் இயக்குநர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த முறை துண்டுச்சீட்டில் ஆதரவு என்று போடாதீர்கள். கதையை ஒரு வரியில் போடுங்கள். அந்த ஒரு வரி எங்கள் வீட்டைத் தொட்டால் நாங்கள் வருவோம். வாசகர்களுக்கும் ஒன்று. அடுத்த உள்ளூர் படம் வரும்போது முதல் வாரத்திலேயே, அதுவும் முதல் சனி ஞாயிறிலேயே போய்ப் பாருங்கள். திரைகளின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது அந்த இரண்டு நாள்தான். பிடித்ததா பிடிக்கவில்லையா என்று மறைக்காமல் சொல்லுங்கள்.

என் தோழி அடுத்த மாதம் விடுமுறையில் செபுவுக்குப் போகிறார். போகும் முன் நம் படம் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். 'ஜகாட்' காட்டலாம் என்று இருக்கிறேன். இந்த முறை தமிழிலிருந்து மொழிபெயர்க்கும் வேலை எனக்கு.